இரண்டு விசில்

அன்பு மகள் வாயாடிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அவளுடைய முழங்கால் மட்டும் அந்தச் சுகத்தில் சேராது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தினப்படி நினைப்பு. பேரனுக்கு முன்பல் விழுந்த படத்தைப் பார்த்தோம். உன் அம்மா அதை அக்கம்பக்கம் முழுக்கக் காட்டிவிட்டாள், இஸ்திரி போடுகிறவர் வரைக்கும் பார்த்தாகிவிட்டது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது நின்றுவிட்டது, குழாய் ரிப்பேர்க்காரர் நாளைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி ஒருவழியாக வந்துவிட்டார். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். போனை எடுத்தேன், பேச வாய் வரவில்லை, வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தபோது உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள், அவள் நின்றால் நான் ஆரம்பிப்பதை அவள் முடிப்பாள் என்பது உனக்குத் தெரியும். தவிர இந்தக் கவருக்குள் ஒரு சாமானும் வைத்திருக்கிறேன். அது எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன், அதற்குள் பேரன் கையில் கொடுத்துவிடாதே.

அந்தக் காட்டுப்பன்றி வீடியோ சுற்றிச் சுற்றி உனக்கும் வந்து சேர்ந்திருக்கும். பாதை நடுவில் நின்று கையைக் காட்டிப் பன்றிக்குட்டிகளுக்கு வழிவிடுகிற பெரியவர் என் பஸ்ஸை ஓட்டின நம் டிரைவர் மாமாதான், உனக்கு அடையாளம் தெரிந்திருக்கும். பின்னால் மூலையில் கன்னத்தை உப்பிக்கொண்டு ஒரு கிழவன் நிற்கிறானே, அது உன் அப்பா. பார்த்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். சிரிக்கட்டும், வேறு யாராவது அப்படி நின்றிருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது என்ன என்று நீ என்னிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு நடந்தது அந்த வீடியோவில் இல்லை.

டிரைவர் மாமாவுக்கு மறதி என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். நீ வந்திருந்தபோது உன்னை என் தங்கை என்று நினைத்துக்கொண்டு, எப்ப கல்யாணம் என்று கேட்டாரே, நாமும் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். இப்போது அது சிரிக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது. சாப்பிட்ட கை காய்வதற்குள் எனக்கு இன்னும் சோறு போடவில்லை என்பார். வீட்டுச் சாவி, அலமாரிச் சாவி, கண்ணில் பட்ட சாவியை எல்லாம் எடுத்துக்கொண்டு டிரிப்புக்கு நேரமாச்சு என்று டிப்போவுக்குக் கிளம்பிவிடுவார். ஒரு நாள் உள்ளேயே போய் நின்றிருந்த வண்டியில் ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் நமக்குத் தெரிந்தவர் என்பதால் எனக்குப் போன் செய்தார், நான் போய்க் கூட்டிவந்தேன். அவர் வீட்டு அத்தைதான் பாவம். அவள் எந்த வண்டியும் ஓட்டியதில்லை, ஆனால் அந்த வீட்டை இத்தனை காலம் ஓட்டியது அவள்தான். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், காய் நறுக்கும்போதே தூங்கி விழுகிறாள். காலையில் அவரை நான் நடக்கக் கூட்டிப்போகிறேன், அந்த நேரமாவது நீ காலை நீட்டிப் படு என்று நான்தான் அவளிடம் சொன்னேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அவரைக் கூட்டிப்போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டார், கையைப் பிடித்தால் உதறுவார். ஆரம்பத்தில் ஒரு நாள் என்னை விட்டுவிட்டு மெயின் ரோட்டைப் பார்த்து விறுவிறுவென்று போகிறார், எதிரே லாரி மேல் லாரியாக வருகிறது. டிரைவரே டிரைவரே என்று கத்துகிறேன், யாரையோ கூப்பிடுகிறான் என்பதுபோல் போய்க்கொண்டே இருக்கிறார். என் சாவிக்கொத்தில் பழைய விசில் கிடக்குமே, சின்ன வயசில் நீ அதை எடுத்து ஊதி உன் அம்மாவிடம் முதுகில் வாங்குவாயே, அதை எடுத்து ஒரு விசில் ஊதினேன். மனுஷன் நின்றுவிட்டார். சடன் பிரேக் போட்டதுபோல் இல்லை, நின்றுகொண்டு வருகிற ஜனங்கள் சாயாதபடி மெல்ல நிறுத்துவாரே, அந்த மாதிரி நிதானமாக நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த விசிலுக்குக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. இரண்டு விசில் ஊதினேன், கிளம்பிவிட்டார். அன்றைக்கு ரோட்டோரத்தில் நடந்துகொண்டே அழுதேன், அது துக்கமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம், விட்டுவிட்டு ஊதிக்கொண்டே இருந்தால் மெதுவாக வண்டியைப் பின்னால் எடு. கட்டின பெண்டாட்டியை யார் இந்த அம்மா என்று கேட்கிற மனுஷனுக்கு இந்த மூன்றும் மட்டும் மறக்கவில்லை. வேலையில் இருந்தபோது அவர் சொல்வார், கண்டக்டரே, முன்னால வர்றதெல்லாம் என் பாடு, பின்னால இருக்கறதெல்லாம் உங்க பாடு, நான் திரும்பிப் பாக்க மாட்டேன் என்று. அதே கணக்குத்தான் நடையிலும். அவர் முன்னால், நான் பின்னால், நடுவில் ஒரு பஸ் நீளத்துக்கு இடைவெளி. நான் கொஞ்சம் நெருங்கிப் போனாலும் அவருக்கு ஆகாது, நீங்க ஏன் இங்க வர்றீங்க, உள்ள கூட்டத்தப் பாருங்க என்று விரட்டுவார்.

தெருவில் வண்டி பயம் என்றுதான் ஊருக்கு வெளியே இருக்கிற காட்டுப் பாதைக்கு மாற்றினேன். ஜனங்கள் நடப்பதற்கென்றே போட்ட பாதை அது, வாசலில் ஒரு காவலர் உட்கார்ந்திருப்பார். மிருகம் எதிர்ப்பட்டால் ஓடாதே, கத்தாதே, முதுகைக் காட்டாதே, மெதுவாகப் பின்னோக்கி நட என்று பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். நிஜமாகவே வருமா என்று காவலரைக் கேட்டேன். அது சும்மா போர்டுங்க, முயலும் மயிலும்தான் இருக்கு, தைரியமா போங்க என்றார். டிரைவர் மாமாவுக்கு அந்த இடம் அப்படிப் பிடித்துப்போயிற்று. பாதையோரத்தில் பெஞ்சு எங்கே வந்தாலும் அவருக்கு அது ஒரு ஸ்டாப்பிங். நான் ஊதாமலேயே நிற்பார், ஆள் ஏற நேரம் கொடுப்பார், நான் இரண்டு விசில் ஊதினால் கிளம்புவார். வளைவில் வேகத்தைக் குறைப்பார், எதிரே ஓடிவருகிற பிள்ளைகளுக்கு ஒதுங்கி வழிவிடுவார். வீட்டுக்கு வந்து அத்தையிடம் இன்னைக்கு கலெக்‌ஷன் பரவாயில்ல என்று சொல்வாராம். அவளும் பல நாளைக்கு அப்புறம் சிரித்தாள். நானும் மிதப்பாகத்தான் இருந்தேன், டாக்டர்களால் ஆகாததை நம் விசில் சாதித்துவிட்டது என்று உன் அம்மாவிடம் அளந்துகொண்டிருந்தேன்.

அன்றைக்கு முந்தின நாள் நல்ல மழை, பாதை சொதசொதவென்று இருந்தது. அவர் வளைவுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறார், நான் வழக்கம்போல் பின்னால். வலது பக்கப் புதர் அசைந்தது, ஒரு பெரிய பன்றி தலையை நீட்டியது. மூக்கெல்லாம் சேறு, முதுகு மயிர் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. அவர் அதைப் பார்க்கவில்லை, நான் பார்த்துவிட்டேன். ஆபத்து என்று கண்ணில் பட்டால் என் கை தானாக விசிலுக்குப் போகும், முப்பது வருஷப் பழக்கம், யோசிக்கவே இல்லை, ஒரு விசில் ஊதிவிட்டேன். நிறுத்து என்று சொல்லிவிட்டேன். அவரும் நின்றார். பன்றி வலது பக்கம், அதன் குட்டிகள் இடது பக்கப் புதரில், நான் நிறுத்திய இடம் சரியாக இரண்டுக்கும் நடுவில். நான் சும்மா இருந்திருந்தால் அவர் பாட்டுக்கு நடந்து வளைவைத் தாண்டியிருப்பார்.

கத்தக்கூடாது என்று பலகையில் போட்டிருக்கிறது, கத்தினாலும் அவர் திரும்பப்போவதில்லை. ஓடிப்போய் இழுத்தால் உதறுவார், சத்தம் போடுவார், அது பாய்ந்துவிடும். போ என்று இரண்டு விசில் ஊதலாமா என்றால் பன்றி அடி எடுத்து வைத்து அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான், பின்னால் எடு என்கிற விசில். பலகையில் சொன்னதும் அதைத்தானே, மெதுவாகப் பின்னோக்கி நட என்று. எத்தனை சந்தில், எத்தனை சாக்கடை ஓரத்தில் நான் ஊத ஊத அவர் வண்டியைப் பின்னால் எடுத்திருக்கிறார், ஒரு கோடு விழுந்ததில்லை. விசிலை வாயில் வைத்து ஊதினேன். காற்றுதான் வந்தது. வாய் காய்ந்து உதடு நடுங்குகிறது, உள்ளே இருக்கிற தக்கை அசையவே இல்லை. மறுபடி ஊதினேன், மறுபடியும் புஸ்ஸென்று காற்று. எதிரே வளைவில் ஓட்டப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கும் வேறு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது. என் கண் முன்னால் அந்த மனுஷன் சாகப்போகிறார், நிற்கச் சொன்னவன் நான், நான் ஊதுகிற வரைக்கும் அவர் நகரமாட்டார், எனக்கு ஊத வரவில்லை. இவ்வளவுதான் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது.

அவர் பன்றியைப் பார்த்தார். அது உறுமுகிறது, இவர் கொஞ்சமும் பதறவில்லை. ஜன்னலுக்கு வெளியே நீட்டுவதுபோல் வலது கையை நீட்டி, போ போ, மெதுவா போ என்று சைகை காட்டினார். பன்றி தாண்டி இடது பக்கப் புதருக்குப் போயிற்று. குட்டிகள் அதனிடம் போகாமல், பயந்துபோய்ப் பாதைக்கு வந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓடின. ஒன்று அவர் காலுக்கு நடுவிலேயே நுழைந்து வந்தது. அவர் குனிந்து பார்த்து, கையைக் காட்டி, ஒவ்வொன்றாகப் போகவிட்டார். பள்ளிக்கூடத்து வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு கடைசிப் பிள்ளை தாண்டுகிற வரைக்கும் ஹாரன்கூட அடிக்காமல் நிற்பாரே, நீயே அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாக எத்தனை தடவை தாண்டியிருக்கிறாய், அதேதான். எல்லாம் புதருக்குள் போய்ச் சத்தம் அடங்கியும் அவர் நகரவில்லை. நான் பக்கத்தில் போனேன். பிள்ளைங்கதான் தாண்டிட்டாங்களே, ரைட் குடுக்க ஏன் இவ்ளோ நேரம், பின்னால தூங்குறீங்களா என்று என்னைத் திட்டினார். முன்னால் வருவதெல்லாம் என் பாடு என்று சொன்ன மனுஷன் தன் பாட்டை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டார். நான்தான் பின்னால் ஒன்றுக்கும் உதவாமல் நின்றேன்.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் வீடியோ போய்விட்டது. அன்று மாலைக்குள் அவர் மகனுக்கும் போயிற்று. அவனும் நீ இருக்கும் ஊரிலேயே அந்தக் கோடியில் இருக்கிறான், உன் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் முழுக்கக் காரை ஓட்டிக்கொண்டு பெண்டாட்டியுடன் வந்துவிட்டான். அவன் ஒன்றும் கெட்டவன் இல்லை, என் எதிரில் குரலைக்கூட உயர்த்தவில்லை. மாமா, அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் அங்க உக்காந்துக்கிட்டு என்ன பண்ணுவேன், சொல்லுங்க என்றான். அவன் வீடு நாலாவது மாடி, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், அதனால் இந்த மாதிரி மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்ளவே அங்கே ஒரு இல்லம் இருக்கிறதாம், உயரமான கேட்டு, பூட்டு, நர்சு எல்லாம் இருக்கிறதாம், அங்கே அவரை விட்டுவிட்டு அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொன்னான். அத்தை தினமும் போய்ப் பார்க்கலாமாம். இங்கேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தொண்டை வரைக்கும் வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன். அத்தையைப் பார்த்தேன், அவளாவது ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று. அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, உங்கள நம்பித்தானே அண்ணே அனுப்பினேன் என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை, அசந்துபோய்ச் சொன்னாள். உன் அம்மா மட்டும், அந்த விசில் இல்லாட்டி அவரு எப்பவோ லாரியில போயிருப்பாரு என்று எனக்காகப் பரிந்து பேசினாள். யாரும் மறுக்கவும் இல்லை, கேட்டுக்கொள்ளவும் இல்லை.

நேற்றுக் காலை கிளம்பினார்கள். நான் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன், கால் கேட்கவில்லை, அவர்கள் தெருவுக்குப் போய்க் கேட்டோரம் நின்றேன். பெட்டிகளை ஏற்றிவிட்டார்கள். டிரைவர் மாமா சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து, நேராக ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறக்கப் போனார். மகன் நயமாகப் பேசி இந்தப் பக்கம் உட்கார வைத்தான். உட்கார்ந்தாரே தவிர ஒரு காலை வெளியே தரையில் ஊன்றிக்கொண்டார், கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அப்பா கால உள்ள எடுங்க என்கிறான் மகன். மருமகள் சொல்கிறாள், அத்தை கெஞ்சுகிறாள். இவர் முகத்தைத் திருப்பாமல், கண்டக்டர் இன்னும் ஏறல, எப்படி வண்டி எடுக்கறது என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் யார் என்ன சொன்னாலும் அதே பதில். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். மாமா, நீங்கதான் என்றான். என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

நான் காருக்குப் பின்னால் போய் நின்றேன். மனதுக்குள் நினைத்துக்கொண்டேன், அன்றைக்கு மாதிரியே இன்றைக்கும் காற்றுதான் வரும், ஊதிப் பார்த்துவிட்டு, வரவில்லையப்பா என்று சொல்லிவிடலாம் என்று. விசிலை வாயில் வைத்து இரண்டு ஊதினேன். சும்மா கணீரென்று வந்தது, தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். காட்டில் அவர் உயிருக்காக ஊதியபோது வராத சத்தம், அவரை அனுப்பிவைக்க ஊதியபோது வந்தது. உள்ளேயிருந்து, ரைட் என்று அவர் குரல் கேட்டது. காலை உள்ளே எடுத்துக்கொண்டு அவரே கதவைச் சாத்தினார். கார் கிளம்பிவிட்டது. அத்தை மட்டும் பின்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள், அவர் திரும்பவில்லை, அவர்தான் என்றைக்கும் திரும்பமாட்டாரே. பின்னால் எடு என்கிற விசிலை ஊத வேண்டும்போல் இருந்தது. வண்டி ஓட்டுகிறது அவர் இல்லையே, ஊதி என்ன பயன், விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் ஒன்று எனக்கு ஆறவில்லை. நான் பின்னால் ஏறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் அவர் போயிருக்கிறார். அந்த வழி முழுக்க, நான் பின்னால் இருக்கிறேன் என்ற தைரியத்தில் உட்கார்ந்திருந்திருப்பார். இறங்கிய இடத்தில் நான் இல்லை.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். கவரில் இருப்பது அந்த விசில்தான், வெந்நீரில் கழுவி வைத்திருக்கிறேன், அருவருப்புப் படாதே. இல்லத்து விலாசத்தை உன் கூட்டாளியிடம் கேட்டு வாங்கிக்கொள். உனக்கு வேலை, குழந்தை, ஆயிரம் இருக்கும், தெரியும், இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கிப் போய்ப் பார். உன்னை அவருக்கு அடையாளம் தெரியாது, மனசைத் தேற்றிக்கொண்டு போ, அங்கே நின்று அழாதே. அவர் கேட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்துகொண்டிருப்பார், டிரிப்புக்கு நேரமாச்சு என்பார். முன்னால் போய் மறிக்காதே, கையைப் பிடிக்காதே. நர்சிடம் சொல்லிவிட்டு, அவருக்குப் பின்னால் ஒரு பஸ் நீளம் தள்ளி நின்று ஒரு விசில் ஊது. ஒன்றுதான், இரண்டு ஊதிவிடாதே, கிளம்பிவிடுவார், கேட்டு பூட்டியிருக்கும். அவர் நின்றதும் அங்கே இருந்தபடியே, கண்டக்டர் பின்னாலதான் இருக்காரு என்று சொல்லு. அவர் சரிபார்க்க மாட்டார்.

உன் அம்மா இப்போது என்னைத் தனியாக நடக்க விடுவதில்லை, முழங்கால் வலியோடு கூடவே வருகிறாள், அவள் முன்னால், நான் பின்னால். நீயும் காலையில் ஓடப் போகும்போது காதில் அந்தப் பாட்டு மிஷினை மாட்டிக்கொண்டு ஓடாதே, பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் போய்விடும். மாப்பிள்ளையை வெளியே கண்டதையும் சாப்பிட வேண்டாம் என்று சொல்லு. பேரனுக்குப் புதுப்பல் கோணாமல் முளைக்க நாக்கால் துழாவக் கூடாது என்று அம்மா சொல்லச் சொன்னாள். எங்களைப் பற்றி இப்போதே ஒன்றும் முடிவு செய்துவிடாதே, கேட்டால் பதில் சொல்ல எங்களுக்கு இன்னும் வாய் இருக்கிறது. எல்லோரும் எல்லா நலமும் பெற்று நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும் என்று இரண்டு பேரும் மனதார ஆசீர்வதிக்கிறோம். விசில் கைக்கு வந்து சேர்ந்ததும் போன் செய், பேச வேண்டாம், நானும் பேசமாட்டேன், ஒரு தடவை ஊதிக் காட்டு, எனக்குக் கேட்டால் போதும்.

இப்படிக்கு,
உன்னை என்றும் நினைத்திருக்கும்
அப்பா (கண்டக்டர்)